மூலான் என்று பெயர் வைத்தவர்கள்

விளையாட்டில் சாதித்த ஒரு பெண்ணைப் பற்றி இந்தத் தொகுப்புக்கு எழுதித் தரும்படி கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெண்கள் இதழில் ‘முதல் பெண்’ என்ற வரிசையில் மாதம் ஒரு கட்டுரை எழுதிவந்தேன். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி, முதல் பெண் நடுவர் என்று போகும். எழுதுவதற்கு அவ்வளவு சுலபமான வடிவம் வேறில்லை. முதல் பத்தியில் தடை, இரண்டாவதில் துணிவு, மூன்றாவதில் வெற்றி, கடைசியில் பாராட்டு. பாதித் தூக்கத்தில்கூட எழுதிவிடலாம். நான் அப்படியும் எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. எட்டாம் வகுப்புவரை மாவட்ட அளவில் ஓடியவர். வயதுக்கு வந்த வாரத்தோடு ஓட்டம் நின்றுபோனது. “உங்கள் கட்டுரைகளில் எல்லாப் பெண்களும் தடையைத் தாண்டிவிடுகிறார்கள் அக்கா. அப்படியென்றால் தாண்டாத நான் துணிவு இல்லாதவள் என்றுதானே ஆகிறது?” என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வரிசையை நிறுத்திவிட்டேன். கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே சௌ தாய்-யிங் என்ற தைவான் கால்பந்து வீராங்கனையைப் பற்றி எழுத வரும்போது, அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இவரையும் ‘முதல்’ என்றுதான் அறிமுகம் செய்வார்கள்: ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்குப் போய் ஆடிய முதல் தைவான் பெண். அது உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு அந்தச் சொல்லைவிட, அவர் ஆடிய காலத்தில் அவர்மேல் யார் யார் என்னென்ன பெயர்களைப் போர்த்தினார்கள் என்பது முக்கியமாகப் படுகிறது. அவருடைய ஆட்ட வாழ்க்கையை அந்தப் பெயர்களின் வழியாக வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் அவருடைய சொந்தப் பெயர். 1963இல் பிறந்தவர். குடும்பப் பெயர் சௌ. அடுத்து வரும் ‘தாய்’ என்ற எழுத்து, தைவான் என்ற சொல்லின் முதல் எழுத்து. தைபே என்ற தலைநகரின் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. தமிழில் எழுதும்போது அது ‘தாய்’ என்று வந்து நிற்பது தற்செயல். தயவுசெய்து யாரும் அதில் தாய்மையைத் தேட வேண்டாம். ‘யிங்’ என்பதற்குச் சிறந்தவர், வீரமுள்ளவர் என்று பொருள் சொல்லலாம். தன் தீவின் எழுத்தைப் பெயருக்குள் வைத்திருந்த இந்தப் பெண், அந்தத் தீவின் பெயரைச் சொல்லி ஒரு உலகப் போட்டியில்கூட ஆட முடியவில்லை. அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1949இல் சீனாவின் உள்நாட்டுப் போரில் தோற்ற அரசு தைவான் தீவுக்கு வந்து சேர்ந்தது. ‘சீனக் குடியரசு’ என்ற பெயரையும் விடவில்லை. முழுச் சீனாவுக்கும் தானே அரசு என்ற உரிமையையும் விடவில்லை. 1971இல் ஐ.நா.வில் அந்த இருக்கை பெய்ஜிங்குக்குப் போயிற்று. விளையாட்டு அமைப்புகளிலும் அதே கதை ஒவ்வொன்றாக நடந்தது. 1974இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெய்ஜிங்கைச் சேர்த்துக்கொண்டது, தைவான் வெளியேற வேண்டியதாயிற்று. ஆண்கள் அணிக்கு ஆசியாவில் ஆட இடமில்லை.

பெண்களுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்தே இருந்தது. ஆசியப் பெண்கள் கால்பந்தை அப்போது நடத்திவந்தது ஆசியக் கூட்டமைப்பு அல்ல. 1968இல் ஹாங்காங்கை மையமாகக் கொண்டு உருவான ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு. பெரிய கூட்டமைப்புகள் பெண்கள் ஆட்டத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காத காலம் அது. மதிக்காததால் தடுக்கவும் யாரும் மெனக்கெடவில்லை. யாருடைய கணக்கிலும் இல்லாத அந்த இடத்தில்தான் தைவான் பெண்கள் ஆசியக் கோப்பையை வாங்கினார்கள். 1977இல் சொந்த ஊரான தைபேயில், அடுத்து 1981இல் ஹாங்காங்கில். இரண்டுக்கும் நடுவே வந்த போட்டி நடந்த இடம் நம் வாசகர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது: கோழிக்கோடு.

1979 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1980 ஜனவரியில் முடிந்த அந்தப் போட்டியில் இந்தியா, தெற்கு அணி வடக்கு அணி என்று இரண்டு அணிகளை இறக்கியது. இறுதி ஆட்டத்தில் தைவானிடம் நம் தெற்கு அணி 2-0 என்று தோற்றது. இந்திய அணியும் அப்போது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பிள்ளை இல்லை. இங்கேயும் பெண்களுக்கென்று ஒரு தனிக் கூட்டமைப்புதான் இருந்தது. ஆக, தங்கள் நாட்டின் கால்பந்து அதிகாரம் கண்டுகொள்ளாத பெண்களும், ஆசியாவின் கால்பந்து அதிகாரம் விலக்கிவைத்த ஒரு நாட்டின் பெண்களும் மலபாரில் ஒரு கோப்பைக்காக மோதியிருக்கிறார்கள். 1983இலும் இந்தியப் பெண்கள் ஆசியாவில் இரண்டாமிடம் வந்தார்கள். அந்த வருடம் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார், கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண்ணாக. பாருங்கள், நானும் ‘முதல் பெண்’ என்று எழுதிவிட்டேன். கை பழகிவிட்டது.

தைவான் பெண்கள் அணிக்குச் சூட்டிய பெயர் மூலான். சௌ தாய்-யிங் ஆடிய காலம் முழுவதும் செய்தித்தாள்களும் ரசிகர்களும் அவர்களை அப்படித்தான் அழைத்தார்கள், இன்றும் அப்படித்தான். டிஸ்னி படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கதை சீனத்தின் பழம்பாடல் ஒன்றிலிருந்து வருவது. தந்தைக்குப் போருக்கு வரச்சொல்லி ஆணை வருகிறது. மூத்த மகன் இல்லை. மகள் ஆண் வேடமிட்டு அவருக்குப் பதிலாகப் போகிறாள். பன்னிரண்டு வருடம் போரிடுகிறாள். திரும்பி வந்ததும் மன்னர் பதவி தருகிறேன் என்கிறார். வேண்டாம், வீட்டுக்குப் போக ஒரு வாகனம் கொடுங்கள் என்கிறாள். வீட்டில் பழைய உடையை உடுத்திக்கொண்டு வெளியே வரும்போதுதான் உடன் போரிட்டவர்களுக்கு அவள் பெண் என்று தெரிகிறது.

ஒரு கால்பந்து அணிக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் வீரத்தை நினைத்திருப்பார்கள். ஆனால் கதையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அது வேறு விஷயங்களையும் சொல்கிறது. மூலான் களத்துக்குப் போனது களம் அவளுக்குப் பிடித்ததால் அல்ல. வீட்டில் போகத்தக்க ஆண் இல்லை, அதனால் போனாள். அவள் ஒரு பதிலாள். வேலை முடிந்ததும் ஊதியமோ பதவியோ கேட்காமல் தறிக்குத் திரும்பிவிட வேண்டும். கதை அவளைப் போற்றுவதே அதற்காகத்தான். 1970களின் தைவானுக்கு இந்தக் கதை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது! ஆண்கள் அணி போக முடியாத இடத்துக்குப் பெண்கள் அணி போயிற்று. கொடியை ஏற்ற வேறு ஆள் இல்லாதபோது மகளை அனுப்பினார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன்: பாட்டின் மூலான் தன்னை மறைத்துக்கொண்டுதான் போரிட முடிந்தது. இந்தப் பெண்கள் பெண்களாகவே, பெண்கள் என்று அறிவித்துக்கொண்டே ஆடினார்கள். பெயர் அவர்களுக்குப் போட்ட வேடத்தை ஆட்டம் ஒவ்வொரு வாரமும் கழற்றிக்கொண்டிருந்தது.

நாட்டின் தேவை என்பது இரக்கமில்லாத எஜமான். அதனாலும் சில நல்லவை நடந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளியே போக வழி குறைந்த தைவான், உலகை வீட்டுக்கு அழைக்கத் தொடங்கியது. 1978இல் தொடங்கி 1981, 1984, 1987 என்று தைவானில் பெண்களுக்கான உலக அழைப்புப் போட்டிகள் நடந்தன. 1981இல் மேற்கு ஜெர்மனிக்கு அழைப்புப் போனபோது அந்த நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் அனுப்புவதற்கு ஒரு பெண்கள் தேசிய அணியே இருக்கவில்லை. 1955இல் பெண்கள் கால்பந்தைத் தடை செய்தவர்கள் அவர்கள். நளினம் போய்விடும், உடலும் உள்ளமும் கெடும் என்று காரணம் சொன்னார்கள். 1970இல் தடையை நீக்கியும் அணி அமைக்கவில்லை. கடைசியில் பெர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊரின் கழகப் பெண்கள் தைபேக்கு விமானம் ஏறினார்கள், கோப்பையோடு திரும்பினார்கள். அடுத்த வருடம், 1982 நவம்பரில், மேற்கு ஜெர்மனியின் பெண்கள் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. பின்னாளில் இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனியின் கதையில் தைபேக்கு ஒரு பங்கு உண்டு. தன் பெயரைக் காப்பாற்றத் துடித்த ஓர் அரசு, அதுவும் இராணுவச் சட்டம் நடப்பிலிருந்த ஓர் அரசு, தான் எண்ணாமலேயே வேறு நாட்டுப் பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. பெண்ணிய வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் சங்கடப்படாமல் நின்று பார்க்கப் பழக வேண்டும். நமக்கு உதவியவர்கள் எல்லோரும் நம்மை நினைத்து உதவியவர்கள் அல்ல.

அடுத்த பெயர் சீனத் தைபே. 1981இல் ஒலிம்பிக் அமைப்போடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தைவான் வீரர்கள் இந்தப் பெயரில், தேசியக் கொடி அல்லாத ஒரு கொடியின் கீழ், தேசிய கீதம் அல்லாத ஒரு பாடலோடு ஆடலாம் என்று ஆயிற்று. கால்பந்தில் இன்னொரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது. ஆசியாவில் இடமில்லாத தைவானை ஓசியானியாவில் வைத்திருந்தார்கள். 1986இல் ஆசியப் பெண்கள் அமைப்பு ஆசியக் கூட்டமைப்போடு இணைக்கப்பட்டது. பெண்கள் ஆட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று நாம் மகிழ வேண்டிய அந்தச் செய்தி, தைவான் பெண்களுக்குப் பழைய வாசல் அடைபட்ட செய்தி. அதே வருடம் அவர்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து ஓசியானியாவின் சாம்பியன் ஆனார்கள். 1989இல் பிரிஸ்பேனில் மறுபடியும் ஓசியானியா சாம்பியன். அதே 1989இல் ஆசியக் கூட்டமைப்பு தைவானைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆண்டு முடிவதற்குள் ஹாங்காங்கில் ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஆடி, சீனாவிடம் 1-0 என்று தோற்றார்கள். ஒரே வருடத்தில் ஒரு கண்டத்தின் வெற்றியாளர்கள், இன்னொரு கண்டத்தின் இரண்டாமிடம். தீவு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இந்தப் பெயரை எல்லாத் தைவான் பெண்களும் வெறுத்தார்கள் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். நிலைமை அப்படி இல்லை. 2018 நவம்பரில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ‘தைவான்’ என்ற பெயரிலேயே கலந்துகொள்ளக் கோரலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது; தோற்றுப்போனது. பெயரைக் கேட்டால் ஆடும் இடமே போய்விடும் என்று அஞ்சிய விளையாட்டு வீரர்கள் பலர் எதிர்த்துப் பேசினார்கள். ஒரு விளையாட்டுப் பெண்ணின் காலம் பத்துப் பதினைந்து வருடம். தேசத்தின் பெயர் சரியாகும்வரை காத்திரு என்று அவளிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ‘முதலில் நாட்டு விடுதலை, பெண் விடுதலை பிறகு’ என்ற பழைய வாதத்தின் இன்னொரு வடிவம்தான் அது.

சௌ தாய்-யிங் காத்திருக்கவில்லை. மேற்கு ஜெர்மனிக்குப் போய் கிளிங்க செக்காக் கழகத்தில் ஆடினார். செக்காக் என்பது தென்மேற்கில் ஒரு சிற்றூர். 1990இல் ஜெர்மனியில் பெண்களுக்கான புண்டஸ்லீகா தொடங்கியபோது அதில் இடம்பிடித்த கழகங்களில் ஒன்று அந்த ஊருடையது. ஐரோப்பா போனார், முன்னேற்றத்தைக் கண்டார் என்று எழுதிவிடாதீர்கள். 1989இல் மேற்கு ஜெர்மனியின் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவர்களுக்குக் கூட்டமைப்பு கொடுத்த பரிசு, ஆளுக்கு ஒரு காப்பிக் கோப்பை செட். பூப்போட்ட பீங்கான். கல்யாண வீட்டில் கொடுப்பதுபோல. கால்பந்து ஆடியது போதும், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்று என்று அதற்கு அர்த்தம் சொன்னால் மிகை என்பீர்கள். எனக்கு மிகையாகத் தெரியவில்லை. மூலான் கதையில் வரும் தறிக்கும் இந்தப் பீங்கானுக்கும் தூரம் அதிகமில்லை.

ஜப்பானிலும் ஆடினார். அங்கே அவர் இருந்த அணியின் பெயரைத் தமிழில் எழுதவே கூச்சமாக இருக்கிறது: சுசுயோ ஷிமிசு எஃப்.சி. லவ்லி லேடீஸ். சுசுயோ, ஷிமிசு துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்து நடத்தும் நிறுவனம். 1989இல் தொடங்கிய ஜப்பான் பெண்கள் லீக்கில் இப்படி நிறுவனங்கள் நடத்திய அணிகள் பல. வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரிகளை வரவழைத்தார்கள். பணம் புழங்கிய காலம். பொருளாதாரம் சரிந்து 1990களின் கடைசியில் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் பல நிறுவனங்கள் பெண்கள் அணிகளைக் கைவிட்டன. ‘அழகிய சீமாட்டிகள்’ என்று பெயர் வைப்பதும், செலவு மிச்சம் பிடிக்க முதலில் அவர்களைக் கலைப்பதும் ஒரே பார்வையின் இரண்டு பக்கம். எந்த ஆண்கள் அணிக்காவது ‘அழகிய கனவான்கள்’ என்று பெயர் வைத்து மைதானத்தில் இறக்கியிருக்கிறார்களா?

நடுக்கள ஆட்டக்காரர் என்ற சொல்லையும் இங்கே ஒருமுறை தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் 1991 உலகக் கோப்பையின் பதிவில் சௌவுக்கு அந்த இடம்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. நடுக்களம் என்பது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இடம். பின்னால் வந்து பந்தைப் பிடுங்க வேண்டும், முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கோல் அடிக்கிறவர் பெயர் பலகையில் வரும். எண்ணப்படாத இந்த உழைப்பை வீட்டுவேலையோடு ஒப்பிடக் கை துறுதுறுக்கிறது. என் மாணவிகள் அப்படி எழுதினால் நான் அடித்துவிடுவேன், ஆகவே எனக்கும் சலுகை இல்லை. ஒப்புமை அழகாக இருப்பதே அதன் குறை. சௌ தாய்-யிங் தியாகச் சின்னமாக நடுக்களத்தில் நிற்கவில்லை. முன்னேறிப் போய் கோல் அடிக்கிற நடுக்களக்காரர் அவர், உலகக் கோப்பையிலும் அடித்தார். அதைச் சொல்ல வேண்டும்.

1991 நவம்பரில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் நடந்தது. ‘உலகக் கோப்பை’ என்ற சொல்லைப் பெண்களுக்குக் கொடுக்க ஃபிஃபாவுக்கு அப்போது மனம் வரவில்லை. மிட்டாய் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சேர்த்து ‘எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான உலகச் சாம்பியன்ஷிப்’ என்று அழைத்தார்கள். ஆட்டம் 90 நிமிடம் அல்ல, 80 நிமிடம். பெண்களால் அவ்வளவுதான் முடியும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். தைவானிலிருந்து சீனப் பெருநிலத்துக்கு உறவினர்களைப் பார்க்கப் போகவே 1987 கடைசியில்தான் அனுமதி கிடைத்திருந்தது. நான்கே வருடம் கழித்து அங்கே போய், தங்கள் பெயர் அல்லாத பெயரில் ஆடினார்கள்.

முதல் ஆட்டத்தில் இத்தாலியிடம் 5-0. அடுத்ததில் ஜெர்மனியிடம் 3-0. மூன்றாவது, நவம்பர் 21, நைஜீரியா. ஆறாவது நிமிடத்தில் தைவானின் கோல்கீப்பர் லின் ஹுய்-ஃபாங்குக்குச் சிவப்பு அட்டை. பெண்கள் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் சிவப்பு அட்டை அது. (இந்த ‘முதல்’ வரிசையில் யாரும் கட்டுரை கேட்பதில்லை.) எட்டு கோல் வாங்கிய அணி, இன்னும் ஒன்றுகூட அடிக்காத அணி, மீதி 74 நிமிடத்தைப் பத்துப் பேரோடு ஆட வேண்டும். 38ஆவது நிமிடத்தில் லின் மெய்-சுன் ஒரு கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு, 55ஆவது நிமிடத்தில், சௌ தாய்-யிங் இன்னொன்று. 2-0.

இந்த இரண்டாவது கோலின் கணக்கைப் பாருங்கள். மூன்று பிரிவுகளிலும் மூன்றாமிடம் வந்தவர்களில் இருவருக்குக் காலிறுதியில் இடம். டென்மார்க் முன்னால் இருந்தது. மீதி ஓர் இடத்துக்குத் தைவானும் பிரேசிலும். இரண்டுக்கும் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. தைவான் அடித்தது 2, வாங்கியது 8. பிரேசில் அடித்தது 1, வாங்கியது 7. இரண்டு பேருக்கும் வித்தியாசம் ஆறு. அதிக கோல் அடித்தவர்கள் என்பதால் தைவான் உள்ளே, பிரேசில் வெளியே. சௌவின் அந்த ஒரு கோல் இல்லாவிட்டால் நிலைமை நேர்மாறாக ஆகியிருக்கும்.

என் பழைய கட்டுரை வரிசையாக இருந்தால் இங்கே கைதட்டி முடித்திருப்பேன். இப்போது வீட்டுக்குப் போன பிரேசில் பெண்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் கால்பந்து ஆடுவது அவர்கள் நாட்டில் 1941 முதல் 1979 வரை சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டு என்பது அந்தச் சட்டத்தின் வாதம். தடை நீங்கிப் பன்னிரண்டு வருடத்தில் உலகப் போட்டிக்கு வந்தவர்கள் ஒரே ஒரு கோல் குறைவால் திரும்பினார்கள். நைஜீரியப் பெண்களும் ஆப்பிரிக்காவின் பிரதிநிதிகளாக வந்து மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பினார்கள். விளையாட்டில் சகோதரித்துவம் என்று நாம் பேசுவது எளிது. பலகையில் எண்கள் எழுதப்படும்போது ஒருத்தியின் கோல் இன்னொருத்தியின் விமானச் சீட்டு. இதனால் சௌவின் கோல் எனக்குச் சிறுத்துப்போகவில்லை. அவர் கருணை காட்டக் களத்துக்கு வரவில்லை, வெல்ல வந்தார். வெல்ல ஆசைப்படும் பெண்ணை எழுதும்போது உடனே அவளுக்குத் தாய்மையும் தேசபக்தியும் பூசி மென்மையாக்கிவிடுகிறோம் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் பேராக, கோல்கீப்பரை இழந்து நின்ற அணியில், ஒரு கோல் முன்னிலை போதும் என்று பின்வாங்காமல் இன்னொன்றுக்குப் போனார்கள் அல்லவா, அந்தப் பசி எனக்குப் பிடித்திருக்கிறது. அது எந்த நாட்டுக்கும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானது அல்ல.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 24, ஃபோஷானில் காலிறுதி. எதிரே அமெரிக்கா. 7-0. மிஷெல் ஏக்கர்ஸ் மட்டும் ஐந்து கோல். சாதனைக் கட்டுரைகளில் இந்த ஆட்டம் ‘காலிறுதிவரை முன்னேறினார்கள்’ என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்துவிடும். அந்த ஏழு கோல்களையும் வாங்கியவர்கள் அதே பெண்கள்தான், அதே சௌதான். 1970களில் தைவான் பெண்களுக்கு எதிரே ஆசியாவில் ஆள் இல்லை. 1991க்குள் அமெரிக்காவும் சீனாவும் நார்வேயும் தங்கள் பெண்களுக்குப் பயிற்சியும் வசதியும் கொடுக்கத் தொடங்கியிருந்தன. தைவானில் ஆண்கள் அணிக்கும் ஆசியாவுக்குள் போக வழி பிறந்திருந்தது. பதிலாளின் தேவை குறைந்திருந்தது. பெண்களுக்கென்று ஒரு முறையான தேசிய லீக், மூலான் லீக் என்ற அதே பெயரில், அங்கே தொடங்கியது 2014இல். சௌ ஃபோஷானில் களத்தைவிட்டு வெளியேறி இருபத்து மூன்று வருடம் கழித்து.

அந்த வாசகியின் கடிதத்துக்கு நான் அப்போது எழுதியிருக்க வேண்டிய பதில் இந்தத் தேதிகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. தாண்டியவர்களும் தங்கள் துணிவால் மட்டும் தாண்டவில்லை, தங்கை. ஓர் அரசுக்குக் கொடி ஏற்ற ஆள் தேவைப்பட்டது, ஒரு கம்பெனிக்கு விளம்பரம் தேவைப்பட்டது, ஒரு கூட்டமைப்பு கவனிக்காமல் விட்ட வாசல் சில வருடம் திறந்திருந்தது. சௌ தாய்-யிங்கின் கால்களில் இருந்தது அவருடையது. வாசல் அவருடையது அல்ல. உன் ஊரில் வயதுக்கு வந்த வாரத்தில் மூடிய வாசலும் நீ மூடியது அல்ல.

சௌ பின்னாளில் பயிற்சியாளர் ஆனார். தைவான் பெண்கள் தேசிய அணிக்கும் பயிற்சி கொடுத்தார். மன்னர் கொடுத்த பதவியை மறுத்து வீட்டுக்குப் போன கதாநாயகியின் பெயரில் ஆடியவர், வீட்டுக்குப் போகாமல் களத்திலேயே இருந்துவிட்டார்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது. 23ஆம் தேதி நவி மும்பையில் இந்தியாவும் தைவானும் மோத வேண்டியிருந்தது. கோழிக்கோட்டுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருடம். இந்திய அணிக்குள் கொரோனா பரவி, களமிறக்கக் குறைந்தது பதின்மூன்று பேர்கூட இல்லாமல் ஆட்டம் நடக்கவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாக அறிவித்தார்கள். முன்பு ஈரானோடு ஆடிச் சமன் செய்த ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. தைவான் பெண்கள் காலிறுதிக்குப் போய் பிலிப்பைன்ஸிடம் பெனால்டியில் தோற்றார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஹாமில்டனில், உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், பராகுவேயோடு 2-2 என்று ஆடி, அங்கேயும் பெனால்டியில்தான் தோற்றார்கள். 1991க்குப் பிறகு அவர்கள் உலகக் கோப்பைக்குத் திரும்பவில்லை. பலகையில் அன்றும் எழுதியிருந்தது சீனத் தைபே.